யாக்-52இல் காற்று ஏறவில்லையா? கம்ப்ரஸரைக் கழற்றும் முன் இதைப் படியுங்கள்

சோவியத் காலத்துப் பயிற்சி விமானமான யாக்-52 ஒன்றில் பங்கு வாங்கிய முதல் ஆண்டில், நான் பறந்த நேரத்தைவிடக் காற்றழுத்த மானியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். 50ஐத் தொட வேண்டிய முள் 35இல் நின்றுகொண்டு மேலே வரமாட்டேன் என்றது. இங்கிலாந்தில் ஒரு புல்தரை ஓடுபாதையில் ஆறு பேர் சேர்ந்து வைத்திருக்கும் விமானம் அது. ஆறு பேரும் கூடிப் பேசி, காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸர் போய்விட்டது என்று முடிவு கட்டினோம். ஐந்து வாரம் காத்திருந்து, 1,400 பவுண்டுக்கு மேல் செலவழித்து, வேறு கம்ப்ரஸர் மாட்டினோம். முள் போய் அதே 35இல் நின்றது.

கோளாறு வேறோர் இடத்தில், ஒரு சாதாரண பைப்பில் இருந்தது. அந்த ஐந்து வாரமும் அந்தப் பணமும் உங்களுக்காவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எம்-14பி இஞ்சின் உள்ள யாக்-52ஐ மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். யாக்-50, யாக்-18டி வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். சீனத்து சிஜே-6இல் வேலை செய்யும் விதம் ஒன்றுதான், பாகங்கள் வேறு.

ஒன்று முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் மெக்கானிக் இல்லை, விமானி மட்டுமே. கீழே சொல்பவற்றில் எதை நீங்களே செய்யலாம், எதற்குக் கையெழுத்து போடும் தகுதியுள்ளவர் வேண்டும் என்பதை உங்கள் விமானத்தைச் சோதித்துச் சான்று தரும் இன்ஸ்பெக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. காற்று எந்த வழியாகப் போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்த விமானத்தில் மின்சார ஸ்டார்ட்டர் கிடையாது, ஹைட்ராலிக் எண்ணெயும் கிடையாது. இஞ்சினைக் கிளப்புவது, சக்கரத்தை ஏற்றி இறக்குவது, ஃப்ளாப், பிரேக் எல்லாமே காற்றுதான். அந்தக் காற்றைச் செய்து கொடுப்பது இஞ்சினின் பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஏகே-50டி என்ற சின்னக் கம்ப்ரஸர். இரண்டு கட்டமாக அழுத்தும், காற்றாலேயே குளிரும், உராய்வுக்கு இஞ்சின் எண்ணெயையே எடுத்துக்கொள்ளும். எண்ணெய் என்ற அந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள், பாதித் தொல்லைக்கு அதுதான் காரணம்.

கம்ப்ரஸரிலிருந்து காற்று ஒரு பைப் வழியாக எண்ணெயும் தண்ணீரும் தங்கும் பிரிப்பானுக்குப் போகிறது. வழியில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஏடி-50 வால்வு, ஒரு ஃபில்டர், திரும்பி வரவிடாத ஒருவழி வால்வு. அப்புறம்தான் பாட்டில்கள். முக்கிய பாட்டில் 11 லிட்டர், அவசர பாட்டில் 3 லிட்டர். முழு அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ, அதாவது சுமார் 710 பிஎஸ்ஐ. கார் டயரில் இருப்பதைப்போல இருபது மடங்குக்கும் மேல்.

ஒருவழி வால்வுக்கு முன்னால் இருப்பவை ஒரு குடும்பம், பின்னால் இருப்பவை இன்னொரு குடும்பம். நாங்கள் இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாமல்தான் பணத்தை விட்டோம்.

2. கை வைக்கும் முன் மூன்று விஷயம்

முதலாவது, ப்ரொப்பெல்லர். மேக்னெட்டோ (இஞ்சினுக்குத் தீப்பொறி தரும் கருவி) சுவிட்ச் அணைந்திருந்தாலும் அதை உயிருள்ளதாகவே நினையுங்கள். இந்த விமானத்தில் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு. மெயின் ஏர் வால்வு திறந்திருந்தால், காக்பிட்டில் யாராவது ஸ்டார்ட் பட்டனைத் தொட்டாலே காற்று இஞ்சினைச் சுற்றிவிடும். ஆகவே வால்வை மூடி, பேட்டரியை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுத்தான் முன்பக்கம் போக வேண்டும்.

இரண்டாவது, எந்த நட்டைத் தளர்த்துவதாக இருந்தாலும் அந்தப் பகுதியின் அழுத்தம் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகுதான் தளர்த்த வேண்டும். 50 கிலோவில் பிய்த்துக்கொண்டு வரும் ஒரு மூடி கண்ணைக் கொண்டுபோய்விடும்.

மூன்றாவது, வெளியிலிருந்து காற்று ஏற்றும்போது சக்கர லீவரைப் பாருங்கள். முன் காக்பிட், பின் காக்பிட் இரண்டிலும் பாருங்கள். அழுத்தமே இல்லாத விமானத்தில் யாரோ விளையாட்டாக லீவரை நகர்த்தி வைத்திருந்தால், காற்று ஏறியதும் விமானம் சக்கரத்தை மடக்கத் தொடங்கிவிடும்.

3. நல்ல நாளிலேயே குறித்து வையுங்கள்

எல்லாம் ஒழுங்காக இருக்கும் ஒரு நாளில், கிளப்பியதும் முள் எங்கே இருந்தது, எத்தனை நிமிடத்தில் 50க்கு வந்தது, அப்போது இஞ்சின் வேகம் எவ்வளவு, வெளியே வெப்பம் எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போதும். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைவிட உங்கள் விமானத்தின் பழக்கம்தான் உங்களுக்கு உதவும். எங்களிடம் அந்த நோட்டு இல்லை. அதனால் காற்று ஏறுவது படிப்படியாக மந்தமானதா, ஒரே நாளில் நின்றதா என்று ஆறு பேரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. படிப்படியாக என்றால் கம்ப்ரஸரின் பிஸ்டன் ரிங் தேய்மானம், அடைப்பு என்று யோசிக்கலாம். திடீரென்று என்றால் விரிசல், வால்வு சிக்கியது என்று பார்க்கலாம். வெறும் நோட்டு இவ்வளவையும் சொல்லியிருக்கும்.

50 ஆனதும் உபரிக் காற்று வெளியேறும் ‘புஸ்ஸ்’ சத்தத்தையும் காதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 50க்கு வராமலே அந்தச் சத்தம் கேட்டால் கம்ப்ரஸரைக் குறை சொல்லாதீர்கள். வால்வு முன்கூட்டியே திறக்கிறது, உள்ளே பிசுக்கு ஏறியிருக்கலாம்.

4. உங்கள் கால்தான் காரணமா என்று பாருங்கள்

சிரிக்க வேண்டாம். பிரேக்கை ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் கொஞ்சம் காற்று வெளியே போகிறது. புதிதாக வருபவர்கள் டாக்ஸி செய்யும்போது, அதாவது விமானத்தைத் தரையில் ஓட்டிப் போகும்போது, பிரேக்கை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே போவார்கள். இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கம்ப்ரஸரால் அதை ஈடுகட்ட முடியாது. நீண்ட டாக்ஸி முடிந்து பார்த்தால் முள் இறங்கியிருக்கும், ‘காற்று ஏறமாட்டேன் என்கிறது’ என்று குழுவுக்குச் செய்தி போகும். ஒரே விமானம், ஒரே நாள், அனுபவமுள்ளவர் ஓட்டினால் பிரச்சினை இல்லை, நீங்கள் ஓட்டினால் மட்டும் இருக்கிறது என்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

அதேபோல, இஞ்சின் கிளம்பாமல் மூன்று நான்கு முறை முயன்றாலும் பாட்டிலில் பெரும்பகுதி போய்விடும். குளிர்காலக் காலையில் இது சகஜம்.

5. ஓர் இரவுச் சோதனை

செலவு எதுவும் இல்லை, ஒரு இரவு மட்டும் வேண்டும். 50 வரை ஏற்றி, மெயின் வால்வை மூடிவிட்டு, மணியையும் வெப்பநிலையையும் குறித்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். மறுநாள் வால்வைத் திறந்து முள்ளைப் பாருங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பாட்டில் சூடாக இருக்கும்போது 50 காட்டியது, இரவில் குளிர்ந்தால் தானாகவே இறங்கும். 40 டிகிரியில் 50 என்றால் 10 டிகிரியில் 45 வாக்கில்தான் இருக்கும். கசிவே இல்லாமல் 5 கிலோ போய்விடும்! நான் அதைக் கசிவு என்று நினைத்து ஒரு சனிக்கிழமை முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தேன். ஆகவே ஏற்றி முடித்து ஒரு மணி நேரம் ஆறவிட்டு, அதற்குப் பிறகு முதல் ரீடிங் எடுங்கள்.

இரவில் உண்மையிலேயே இறங்கியிருந்தாலும், மறுநாள் வால்வைத் திறந்த பிறகு இறங்கத் தொடங்கினாலும், வால்வைத் திறந்தே வைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து, இணைப்புகள் மேல் தெளியுங்கள். பாட்டில்கள், ஸ்டார்ட் வால்வு, சக்கர செலக்டர் வால்வு, சக்கரத்தை இயக்கும் சிலிண்டர்கள், பிரேக் ஹோஸ் என்று வரிசையாகப் பாருங்கள். குமிழி எங்கே வருகிறதோ அங்கே வேலை. அமைதியான ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) காதை வைத்தாலே சில கசிவுகள் கேட்கும், முடிந்தால் எல்லாரும் போன பிறகு செய்யுங்கள்.

இரவு முழுக்க அசையாமல் நின்றால்? ஒருவழி வால்வுக்குப் பின்னால், மூடிய மெயின் வால்வு வரை இருப்பவை நல்லவை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். முன்னால் இருக்கும் பைப்பையும் பிரிப்பானையும் பற்றி இந்தச் சோதனை ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. பாட்டில் காற்று அந்தப் பக்கம் போகவே முடியாது அல்லவா? நாங்கள் ‘கசிவுச் சோதனையில் பாஸ், அப்படியானால் கம்ப்ரஸர்தான்’ என்று தாவியது இந்த இடத்தில்தான்.

6. தண்ணீரையும் சளியையும் வெளியேற்றுங்கள்

காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக வெளியே வரும். எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். 11 லிட்டர் பாட்டிலை 50 வரை நிரப்ப சுமார் 550 லிட்டர் சாதாரணக் காற்று வேண்டும். 20 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் என்றால் அதில் 6 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அழுத்திய பிறகு அந்த 11 லிட்டருக்குள் நீராவியாகவே தங்கக்கூடியது கால் கிராம்கூட இல்லை. மீதி எல்லாம் தண்ணீர், ஒரு டீஸ்பூனுக்கும் மேல். இது ஒரே ஒரு நிரப்பலுக்கு. சென்னை, கொழும்புப் புழுக்கத்தில் இந்த விமானம் இருந்தால் இன்னும் கூடும்.

கம்ப்ரஸரிலிருந்து வரும் எண்ணெயும் இந்தத் தண்ணீரும் கலந்தால் கெட்டிப்பால் விட்ட காப்பி நிறத்தில் ஒரு கொழகொழப்பு வரும். சிஜே-6 வைத்திருப்பவர்கள் அதை வெளியேற்றும் வால்வுக்கு ‘மூக்குச்சளி வால்வு’ என்றே ஆங்கிலத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நாகரிகமாக இல்லை, ஆனால் பார்த்தவர்கள் வேறு பெயர் கேட்கமாட்டார்கள்.

ஒவ்வொரு பறக்கும் நாளின் முடிவிலும், இஞ்சின் இன்னும் சூடாக இருக்கும்போதே பிரிப்பானை வடியுங்கள். ஆறினால் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளும். ஒரு பழைய ஜாம் பாட்டிலைப் பிடித்து வடித்தால் எவ்வளவு வந்தது, என்ன நிறம் என்று பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை. வழக்கத்தைவிட எண்ணெய் அதிகம் வந்தால் கம்ப்ரஸர் ரிங் தேய்கிறது என்று சந்தேகப்படலாம். வடிகால் குழாயை மறுபடி மூடினீர்களா என்று பாருங்கள். பாதி மூடிய வடிகாலும் ‘காற்று ஏறவில்லை’ புகாருக்கு ஒரு காரணம்.

ஃபில்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுவதும் இதே கட்டத்தில்தான். கேஸ்கெட், லாக் வயர் (நட் தளராமல் கட்டும் கம்பி) தவிரச் செலவில்லை. பாட்டில்களின் அடியில் தேங்கும் தண்ணீரை மறந்துவிடாதீர்கள். உள்ளே துரு பிடித்தால் வெளியே தெரியாது, துருத் தூள் வால்வுகளில் போய் உட்காரும். குளிர்காலத்தில் இதே தண்ணீர் உறைந்து வால்வை அடைக்கும். ஹேங்கரில் எல்லாம் சரியாக இருந்து, மேலே போனதும் சக்கரம் முரண்டு பிடித்தால் ஐஸையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள்.

7. கம்ப்ரஸரிலிருந்து வரும் பைப்: எங்களை ஏமாற்றியது இதுதான்

கம்ப்ரஸரின் வாயிலிருந்து கிளம்பும் பைப் இரண்டு வேதனைகளைத் தாங்குகிறது. அழுத்திய காற்றின் சூடு ஒன்று, ஒன்பது சிலிண்டர் ரேடியல் இஞ்சினின் அதிர்வு இன்னொன்று. விரிசல் வழக்கமாக விழும் இடம், நட்டுக்குள் போகும் முன் பைப் விரியும் கழுத்துப் பகுதி, அல்லது கிளாம்ப் பிடித்திருக்கும் இடத்துக்கு அடியில்.

எங்கள் பைப்பில் இருந்த விரிசல் தலைமுடி அளவு. கிளாம்ப்பின் ரப்பருக்கு அடியில் ஒளிந்துகொண்டிருந்தது. ஆறியிருக்கும்போது மூடிக்கொள்ளும், சூடானதும் திறக்கும். இரவுச் சோதனை அதைத் தொடவே இல்லை, காரணம் மேலே சொன்னேன். ஆனால் அது சாட்சி விட்டுக்கொண்டேதான் இருந்தது. ஒவ்வொரு முறை பறந்து வந்ததும் கவுலிங்கின் (இஞ்சினைச் சுற்றியுள்ள மூடியின்) உட்புறம் கையகல விசிறி மாதிரி கறுத்த எண்ணெய்த் தீற்றல் இருக்கும். விமானத்தைப் பளபளவென்று வைத்துக்கொள்ளும் ஆர்வத்தில் ஒவ்வொரு வாரமும் அதை நானே துணியால் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே துடைக்கும் முன் பாருங்கள். கவுலிங்கைக் கழற்றி, டார்ச் அடித்து, தீற்றல் எந்தப் புள்ளியிலிருந்து விரிகிறது என்று பின்தொடருங்கள். கிளாம்ப்பைத் தளர்த்தி அடியிலும் பாருங்கள். இந்தப் பகுதிக்குச் சோப்புச் சோதனை செய்ய வேண்டுமானால் பைப்பைக் கம்ப்ரஸர் முனையில் கழற்றி, அந்த முனையிலிருந்தே, அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் வழியாகக் காற்றுக் கொடுக்க வேண்டும். வேறு வழியாகக் கொடுத்தால் ஒருவழி வால்வு தடுத்துவிடும்.

இஞ்சின் ஓடும்போது கையை உள்ளே விட்டுக் கசிவு தேடுவது பற்றி யோசிக்கக்கூட வேண்டாம்.

பைப்பை மாற்றும்போது இரண்டு எச்சரிக்கை. இதன் மரைகள் மெட்ரிக். அமெரிக்க விமான ஃபிட்டிங் சில நேரம் இரண்டு சுற்று உள்ளே போகும், பொருந்திவிட்டது என்று தோன்றும், மூன்றாவது சுற்றில் மரையைத் தின்றுவிடும். இன்னொன்று, வீட்டுக் குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டேப்பை இங்கே சுற்றாதீர்கள். அதன் துணுக்குகள் ஒருவழி வால்வில் போய் மாட்டும். புதுப் பைப் இழுப்பு இல்லாமல் தானாக வாயில் போய் உட்கார வேண்டும். நட்டால் இழுத்துப் பொருத்தினால் சில மாதத்தில் அதே இடத்தில் மறுபடி விரியும். சூடு தாங்கும் எஃகுப் பின்னல் ஹோஸ் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அது மாற்றம் என்று கணக்காகும், ஆகவே இன்ஸ்பெக்டரின் ஒப்புதலை முதலில் வாங்குங்கள்.

எங்களுக்கு ஹோஸும் உழைப்புக் கூலியும் சேர்த்து 200 பவுண்டுக்குள் முடிந்தது.

8. இப்போது கம்ப்ரஸரைச் சந்தேகப்படலாம்

அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, கம்ப்ரஸரின் வெளிவாய்ப் பைப்பைக் கழற்றுங்கள். மேக்னெட்டோ அணைந்து, சிலிண்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக் கழற்றிய நிலையில், துணைக்கு ஒருவர் ப்ரொப்பெல்லரை அது வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றட்டும். எங்கேயாவது இறுகினால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள், பின்பக்கமாகவும் திருப்பாதீர்கள். கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் தேங்கியிருக்கலாம். அந்தச் சிலிண்டர்களின் மீதிப் பிளக்கையும் கழற்றி வடித்துவிட்டுத் தொடருங்கள்.

வெளிவாயில் கட்டைவிரலை வைத்தால் புஸ் புஸ் என்று தள்ளுவது தெரிய வேண்டும். ஒன்றுமே இல்லை என்றால் உள்ளே வால்வு போயிருக்கிறது அல்லது சுற்றும் தண்டு உடைந்திருக்கிறது. பலவீனமாகத் தள்ளினால் ரிங்கோ வால்வோ தேய்மானம். நன்றாகத் தள்ளினாலும் 50க்கு ஏற்றும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை, ஆனால் மற்ற சந்தேகங்களை ஒருமுறை கூடப் பார்க்கச் சொல்லும்.

வெளிவாய்க்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பாகக் கெட்டியான கரி படிந்திருந்தால் கம்ப்ரஸர் அதிகம் சூடாகிறது, எண்ணெய் வேகிறது. வெளிப்புறத் துடுப்புகளில் எண்ணெயும் தூசியும் அப்பியிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். இஞ்சின் எண்ணெய் வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். உலோகத் துகள் இருந்தால் விமானத்தை நிறுத்திவிடுங்கள். கம்ப்ரஸரும் இஞ்சினும் ஒரே எண்ணெயைப் பகிர்ந்துகொள்கின்றன, அங்கே உதிர்வது இங்கே வரும்.

9. வாங்கும்போது: காகிதம், பணம், காலம்

சோவியத் வழிப் பாகங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டிப் புத்தகம் உண்டு. அதற்குப் பெயரே ‘பாஸ்போர்ட்’. வரிசை எண், தயாரித்த தேதி, ஓடிய மணி நேரம், எத்தனை முறை ஓவர்ஹால் (முழுக்கப் பிரித்துப் புதுப்பிப்பது) ஆனது எல்லாம் அதில் ரஷ்ய மொழியில் இருக்கும். பாகத்தின் மேல் பொறித்த எண்ணும் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பணம் கொடுக்கும் முன் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள். எங்களுக்கு முதலில் வந்த கம்ப்ரஸரோடு வேறொரு கம்ப்ரஸரின் பாஸ்போர்ட் வந்தது. விற்றவர் ‘எல்லாம் ஒரே மாதிரிதானே’ என்றார். இன்ஸ்பெக்டர் அப்படி நினைக்கவில்லை. ஐந்து வாரத்தில் இரண்டு வாரம் அதிலேயே போயிற்று.

‘புதுசு, ஓடவே இல்லை’ என்று விற்கப்படுவதிலும் கவனம். 1980களில் தயாராகி, மெழுகுத் தாளில் சுற்றி, கெட்டிக் கிரீஸ் பூசி அலமாரியில் தூங்கியது அப்படித்தான் வரும். ஓடிய மணி பூஜ்யம் உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீலுக்கு வயது நாற்பது. கிரீஸை முழுக்கக் கழுவாமல் மாட்டினால் அது உருகி வால்வுகளுக்குள் போய்விடும். நான் விலை கொஞ்சம் கூடினாலும் அண்மையில் ஓவர்ஹால் ஆகி, யார் செய்தார் என்ற சான்று உள்ளதையே வாங்குவேன்.

எங்கள் கணக்கு இது. ஐரோப்பாவிலிருந்து வரவழைத்த கம்ப்ரஸர் 1,100 பவுண்டு, அனுப்பும் செலவு 80. இரண்டும் சேர்ந்த 1,180க்கு இறக்குமதி வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம், அதாவது 236. கூரியர்காரர் கையாளும் கட்டணம் 15. மொத்தம் 1,431. இதுபோக, பழைய கம்ப்ரஸரைத் திருப்பி அனுப்பும்வரை 350 முன்பணம். பழையதை எண்ணெய் சொட்டச் சொட்டப் பெட்டியில் போட்டால் கூரியர் வாங்கமாட்டார். நன்றாக வடித்து, துளைகளை அடைத்து, பாஸ்போர்ட்டின் நகல் ஒன்றை வைத்துக்கொண்டு அனுப்புங்கள். ரஷ்யாவிலிருந்து நேராக வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 2022க்குப் பிறகு தடைகளுக்கு நடுவே பணம் அனுப்புவதே பெரும்பாடு.

காலத்தைப் பற்றி ஒன்று. இங்கே, இங்கிலாந்தில், யாக்-52கள் ‘பர்மிட் டு ஃப்ளை’ என்ற அனுமதியில் பறக்கின்றன, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அந்த ஆண்டுச் சோதனையோடு சேர்த்துக் குளிர்காலத்தில் கம்ப்ரஸர் வேலையை வைத்துக்கொண்டால் கவுலிங் கழற்றும் கூலி ஒரு முறையோடு போகும். மே மாதம் ஆர்டர் செய்தால் நல்ல வெயில் நாட்களை ஹேங்கரில் கழிப்பீர்கள்.

10. மாட்டுவது

இதைத் தகுதியுள்ளவர் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று டார்ச் பிடியுங்கள். பார்க்க வேண்டியவை சில உண்டு. பழைய கேஸ்கெட் ‘பாரோனைட்’ என்ற தாளாக இருக்கலாம், பழைய பாரோனைட்டில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. உலர்வாகச் சுரண்டாமல் நனைத்து, முகமூடி போட்டு எடுக்க வேண்டும். கம்ப்ரஸர் வெளியே வந்ததும் இஞ்சினில் ஒரு துளை திறந்திருக்கும். அதில் துணி திணிக்காதீர்கள், நூல் உள்ளே போகும். தட்டையான மூடி ஒன்று வைத்து மூடுங்கள். கழற்றிய நட், வாஷர் எண்ணிக்கையை எழுதி வைத்து, முடிவில் சரிபாருங்கள். ஒரு வாஷர் குறைந்தால் அது கிடைக்கும்வரை இஞ்சின் ஓடக் கூடாது.

11. வெளியிலிருந்து காற்று ஏற்ற ஒரு டைவிங் சிலிண்டர்

சோதனைகளுக்கும் கிளம்பாத காலைகளுக்கும் இது வேண்டும். 12 லிட்டர், 232 பார் (கிட்டத்தட்ட மேலே சொன்ன கிலோவுக்குச் சமமான அலகு) டைவிங் சிலிண்டர் ஒன்றில், உங்கள் இரண்டு பாட்டில்களையும் 20இலிருந்து 50க்கு ஏற்ற ஐந்து முறைக்குக் காற்று இருக்கும். ரெகுலேட்டர் இல்லாமல் நேராக இணைக்காதீர்கள், 232ஐ 50க்கான பாட்டிலில் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே சிலிண்டருக்கு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை கண்பார்வைச் சோதனை, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. முத்திரை காலாவதியானால் டைவிங் கடையில் நிரப்பித் தரமாட்டார்கள். பழைய சிலிண்டரை மலிவாக வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

நைட்ரஜன் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஈரமே இல்லாததால் நல்லதும்கூட. ஆக்சிஜன் மட்டும் கூடவே கூடாது. பைப்பெல்லாம் எண்ணெய் படிந்திருக்கிறது, அழுத்திய ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் வெடிக்கும். ஹேங்கரில் மூச்சுக்கான ஆக்சிஜன் சிலிண்டரும் பக்கத்தில் இருந்தால் இதற்குப் பெரிதாக எழுதி ஒட்டி வையுங்கள்.

12. முதல் ஓட்டமும் கையெழுத்தும்

தரையில் ஓட்டிப் பார்க்கும்போது முள் ஏறும் நேரத்தை உங்கள் நோட்டோடு ஒப்பிடுங்கள். 50இல் ‘புஸ்ஸ்’ கேட்கிறதா என்று கவனியுங்கள். அணைத்ததும் கவுலிங்கைத் திறந்து புது இணைப்புகளைச் சுற்றி எண்ணெய்த் தீற்றல் உண்டா என்று பாருங்கள். லாக் புக்கில் கழற்றியதன் வரிசை எண், மாட்டியதன் வரிசை எண், அன்றைய இஞ்சின் மணி மூன்றும் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டிலும் அதே தேதியைப் பதியச் சொல்லுங்கள். அடுத்து விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

முதல் பறப்பில் ஓடுபாதையை விட்டுத் தூரம் போகாதீர்கள். கிளம்பும் முன் அவசர பாட்டில் நிறைந்திருக்க வேண்டும். மேலே போய் முள் இறங்குவதைக் கண்டால், இருக்கும் காற்றிலேயே சக்கரத்தை இறக்கிவிட்டு நீளமான ஓடுபாதையாகப் பார்த்து இறங்குங்கள், பிரேக் குறைவாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டே. இறங்கிய பிறகு பிரிப்பானை வடியுங்கள். புதுக் கம்ப்ரஸரின் முதல் ஜாம் பாட்டிலை மட்டும் கொட்டிவிடாமல் தேதி ஒட்டி வையுங்கள், இரண்டாவது மாதம் அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்து நிறத்தைப் பார்க்கலாம்.